எந்த அட்டவணை எந்த வீட்டுக்கு? எல்லைப்பக்கத்து வேதவாசிப்பு

டிசம்பர் பாதி தாண்டினால் சபைகளில் இந்தக் கேள்வி கிளம்பிவிடும்: வருகிற வருஷம் வேதத்தை எந்த முறையில் வாசிப்பது? ஆதியாகமம் தொடங்கி வரிசையாகவா, நாலு இடத்திலிருந்து ஒவ்வொரு அதிகாரமாகவா, தியானப் புத்தகம் ஒன்று வாங்கிக்கொள்வதா, ஆலய நாட்காட்டியில் போட்டிருக்கும் பகுதியோடு நின்றுகொள்வதா? கைபேசிச் செயலிகள் வந்தபிறகு அட்டவணைக்குப் பஞ்சமில்லை, தேர்ந்தெடுப்பதுதான் திண்டாட்டம். என்னிடம் கேட்பவர்களிடம் நான் முதலில் வீட்டைப் பற்றித்தான் விசாரிப்பேன். யார் எத்தனை மணிக்கு எழும்புவார்கள், யாருக்கு எந்த எழுத்து வாசிக்கத் தெரியும், இராத்திரி எல்லாரும் ஒன்றாக உட்காருவது எவ்வளவு நேரம்? இது தெரிந்தால் பாதித் தீர்மானம் முடிந்த மாதிரி.

தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் குழித்துறை, அருமனை. அந்தப் பக்கம் பாறசாலை, வெள்ளறடை. இரண்டு பக்கமும் ரப்பர்தான். பால் வெட்டுகிறவர் விடியும் முன்பே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவார். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதால் அந்த நேரத்தை மாற்ற முடியாது. "காலையில் எழும்பியதும் முதல் வேலையாக வேதத்தை எடுங்கள்" என்று எல்லாத் தியானப் புத்தகங்களின் முன்னுரையிலும் இருக்கும் யோசனை அவருக்கு எழுதப்பட்டதல்ல. அவருடைய வேதவாசிப்பு இராத்திரி குடும்ப ஜெபத்தில்தான். அங்கே இன்னொரு சிக்கல் உட்கார்ந்திருக்கும். 1956 நவம்பர் 1-ல் கல்குளமும் விளவங்கோடும் தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன, பாறசாலை இருக்கும் நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. 1959-ல் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) பேராயமும் தென் கேரளம், கன்னியாகுமரி என்று இரண்டானது. பாறசாலைப் பக்கத்துத் தமிழ் வீடுகளில் அம்மச்சிக்குத் தமிழ் எழுத்து மட்டும் தெரியும், பேரப்பிள்ளைக்கு மலையாளமும் இங்கிலீஷும் மட்டும் தெரியும். நடுவில் இருக்கிற அப்பா அம்மாவுக்கு இரண்டும் தெரியும், ஆனால் உறக்கம் வந்திருக்கும்.

இந்த வீட்டை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். எனக்கு ஒரே ஒரு அளவுகோல்தான் உண்டு. ஒரு திட்டம் நல்லதா இல்லையா என்பது அது வருஷத்துக்கு எத்தனை அதிகாரம் முடித்துத் தருகிறது என்பதில் இல்லை. விட்டுப்போன நாளுக்கு மறுநாள் அது உங்களை எப்படி நடத்துகிறது என்பதில் இருக்கிறது. காய்ச்சல், கல்யாணம், சாவு, மழை, பரீட்சை என்று விட்டுப்போகாத வீடே கிடையாது.

முதலில், வரிசையாக முழு வேதம். புராட்டஸ்டண்டு வேதத்தில் 66 புத்தகங்கள், 1189 அதிகாரங்கள். நம் பாட்டன்மார் காலத்துக் கணக்கு எளிது: வாரநாளில் மூன்று அதிகாரம், ஞாயிற்றுக்கிழமை ஐந்து. வாரத்துக்கு 23 ஆகிறது, 52 வாரத்துக்குள் வெளிப்படுத்தின விசேஷம் முடிந்துவிடும். முடித்தவர்களுக்குப் புதுவருஷ ஆராதனையில் பரிசு கொடுக்கும் சபைகளும் உண்டு. இந்தக் கணக்கின்படி ஜனவரி கடைசியில் நீங்கள் லேவியராகமத்துக்குள் நுழைவீர்கள். பலருடைய வேதத்தில் அடையாள நாடா வருஷக்கணக்காக அங்கேதான் கிடக்கிறது. சர்வாங்க தகனபலி, போஜனபலி, குஷ்டத்தைப் பற்றிய பிரமாணம் என்று 27 அதிகாரம். அதைத் தாண்டினால் எண்ணாகமத்தின் குடிக்கணக்கு. அதையும் தாண்டி, அரசர்கள் முடிந்து நாளாகமத்துக்கு வந்தால் முதல் ஒன்பது அதிகாரமும் பெரும்பாலும் பெயர்ப் பட்டியல்.

"மக்களே, அந்தப் பேரையெல்லாம் வாசிச்சா நாக்கு சுளுக்கிப் போவும். கத வருற எடத்துலேருந்து வாசி."

"சண்டே ஸ்கூல் சார் ஒண்ணு விடாம வாசிக்கணும்னு சொல்லியிருக்காரு அம்மச்சி."

இந்தப் பேச்சு நடக்காத வீடு இங்கே குறைவு. அம்மச்சி பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனாலும் வரிசை வாசிப்பை நான் எளிதில் தள்ளிவிடமாட்டேன், காரணம் எண்ணாகமம் 27. மேலே சொன்ன கணக்குப்படி பிப்ரவரி நடுவில் அந்த அதிகாரம் வரும். செலொப்பியாத் என்பவன் வனாந்தரத்தில் செத்துப்போகிறான், ஆண்பிள்ளை இல்லை. மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்று ஐந்து பெண்மக்கள். அவர்கள் மோசேக்கும் ஆசாரியனுக்கும் சபையார் எல்லாருக்கும் முன்பாக ஆசரிப்புக் கூடார வாசலில் வந்து நிற்கிறார்கள். எங்கள் தகப்பனுக்குக் குமாரன் இல்லாததால் அவர் பேர் அற்றுப்போகலாமா, எங்களுக்கும் காணியாட்சி கொடுங்கள் என்று கேட்கிறார்கள். மோசே தானாகத் தீர்ப்புச் சொல்லவில்லை, கர்த்தரிடம் கொண்டுபோகிறான். அந்தப் பெண்கள் பேசுகிறது சரி என்று பதில் வருகிறது.

எல்லையின் இரண்டு பக்கமும் சேர்ந்திருந்த பழைய திருவிதாங்கூர் சமஸ்தானத்துப் பகுதியில் இருந்துகொண்டு இதை வாசிக்கிறவருக்கு இது வெறும் பழங்கதையாக நிற்காது. 1916-ஆம் வருஷத்துத் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம், உயில் எழுதாமல் இறந்த தகப்பனின் சொத்தில் மகளுக்கு மகனுடைய பங்கில் கால்வாசி அல்லது 5000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான் என்று வைத்திருந்தது. சீதனம் வாங்கியிருந்தால் அதுவும் இல்லை. கோட்டயத்தைச் சேர்ந்த மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986-ல் உச்சநீதிமன்றம் இந்தச் சட்டம் செல்லாது, 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும் என்று சொன்னது. அதுவரை எத்தனை வீடுகளில் எண்ணாகமம் 27 வாசிக்கப்பட்டு, ஆமென் சொல்லி மூடப்பட்டிருக்கும்! வரிசையாக வாசிக்கிறவருக்குத் தப்பிக்க வழியில்லை. மகளும் மருமகளும் உட்கார்ந்திருக்கும் அறையில் அந்த அதிகாரம் தன் முறைக்கு வந்தே தீரும். கூடவே எண்ணாகமம் 36-ம் வரும். அதே பெண்கள் தங்கள் கோத்திரத்துக்குள்ளேயே கல்யாணம் செய்யவேண்டும் என்ற நிபந்தனை அங்கே இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வாசித்தால்தான் தியானம் நேர்மையாக இருக்கும். யாரோ தேர்ந்தெடுத்துக் கொடுத்த வசனங்களை மட்டும் வாசிக்கிறவருக்கு இந்த ஐந்து பெண்களின் பேர்கூடத் தெரியாமல் போகலாம்.

ஆனால் விட்டுப்போன நாளில் இந்தத் திட்டம் கடன்காரன்தான். ஒரு நாள் விட்டால் மறுநாள் ஆறு, மூன்று நாள் விட்டால் பன்னிரண்டு. ஒரு வாரக் காய்ச்சலுக்குப் பிறகு ஒரே மூச்சில் வாசித்துத் தள்ளுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எரேமியாவா எசேக்கியேலா என்று கேட்டால் புத்தகத்தைத் திருப்பிப் பார்க்கிறார்கள். வரிசையாக வாசிக்க நினைக்கிறவர் தேதி போட்ட அட்டவணையைக் கிழித்துப் போட்டுவிட்டு, கட்டம் போட்ட தாள் ஒன்றை வேதத்துக்குள் வைத்துக்கொள்ளட்டும். வாசித்த அதிகாரத்தை அடித்துவிட வேண்டியது. ஒரு வருஷமோ மூன்று வருஷமோ ஆகட்டும்.

அடுத்தது நாலு இடத்து வாசிப்பு. ஸ்காட்லாந்தில் டண்டீ நகரத்துப் பரிசுத்த பேதுரு ஆலயத்தின் போதகராக இருந்த ராபர்ட் மரே மச்செய்ன் 1842 டிசம்பரில் தன் சபையாருக்காக இதைப் போட்டுக் கொடுத்தார். நாளுக்கு நாலு அதிகாரம். வருஷத்தில் பழைய ஏற்பாடு ஒரு தடவையும், புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு தடவையும் முடியும். ஜனவரி 1-ல் ஆதியாகமம் 1, மத்தேயு 1, எஸ்றா 1, அப்போஸ்தலர் 1. நாலும் தொடக்கங்கள்: உலகம், இயேசுவின் பிறப்பு, சிறையிருப்பிலிருந்து திரும்புதல், சபை. அதில் இரண்டு குடும்பமாக வாசிக்க, இரண்டு தனியாக வாசிக்க என்று பிரித்தும் வைத்தார். அடுத்த மார்ச்சில் அவர் இறந்துபோனார், வயது 29.

இந்தத் திட்டத்தைக் கைபேசியில் வைத்திருக்கிறவர்களில் பலர் அவர் கூடவே எழுதிய எச்சரிக்கையைப் படித்திருக்கமாட்டார்கள். சடங்காகிப் போகலாம், நாம்தான் நீதிமான்கள் என்ற எண்ணம் வரலாம், கவனமில்லாமல் ஓட்டலாம், சுமக்க முடியாத நுகமாகிவிடலாம் என்று தன் திட்டத்தின் அபாயங்களை அவரே முன்கூட்டிச் சொல்லிவிட்டார். இன்றைக்குச் செயலிகள் "தொடர்ந்து இத்தனை நாள்" என்று எண்ணிக்கை காட்டிப் பட்டயம் தருகின்றன. அந்த இரண்டாவது அபாயத்துக்கு உரம் போடுகிற வேலைதான் இது என்பேன்.

நாலு இடத்து வாசிப்பின் பலம், லேவியராகமத்தில் நிற்கும்போதும் பக்கத்தில் ஒரு சங்கீதமோ சுவிசேஷமோ கூட வருவது. பலவீனம், நேரம். நாலு அதிகாரத்தைச் சத்தமாக, புரியும்படி வாசிக்க அரைமணி நேரமாவது பிடிக்கும். தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியருக்கோ, வளைகுடாவில் அறையில் தனித்திருக்கும் மகனுக்கோ இது பொருந்தும். பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு வேண்டுமானால் குடும்பத்துக்கென்று அவர் ஒதுக்கிய இரண்டை ஒரு வருஷமும், மற்ற இரண்டை அடுத்த வருஷமும் வைத்துக்கொள்ளலாம். இரண்டு வருஷத்தில் எல்லாம் வந்துவிடும்.

காலவரிசைப்படி வாசிக்கும் அட்டவணைகளும் உண்டு. தாவீதின் ஓட்டத்தோடு அவன் சங்கீதங்களையும், ராஜாக்களோடு ஏசாயாவையும் சேர்த்து வைப்பார்கள். ஒரு முறை முழு வேதம் வாசித்தவருக்கு ருசியாக இருக்கும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு வேண்டாம்.

இனி ஒரு வசனக்காரர்கள், அதாவது நாளுக்கு ஒரே ஒரு வசனத்தோடு நிற்கிறவர்கள். இதில் மூத்தது ஹெர்ன்ஹூட் வழி. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் மொரேவிய சகோதரர்கள் என்ற சபையார் இந்த வழக்கத்தை 1728 மே 3-ல் சின்சென்டார்ஃப் பிரபு கொடுத்த வசனத்தோடு தொடங்கினார்கள். 1731 முதல் வருஷந்தோறும் அச்சிடுகிறார்கள். பழைய ஏற்பாட்டு வசனங்கள் ஏறக்குறைய 1800-ஐத் தொகுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளுக்கும் சீட்டுப் போட்டு எடுக்கிறார்கள். அதற்குப் பொருந்தும் புதிய ஏற்பாட்டு வசனத்தை ஆள் பார்த்துச் சேர்க்கிறார்கள். எந்த வசனம் வரும் என்பது யார் விருப்பத்திலும் இல்லை. உலகம் முழுக்க அன்றைக்கு அதே வசனம்.

நம் ஊர் வாக்குத்தத்த அட்டையும் பார்வைக்கு அதுபோலத்தான். டிசம்பர் 31 இராத்திரி ஆராதனை முடிந்து தட்டில் வரும் அட்டைகளில் ஒன்றை எடுத்து, வருஷம் முழுக்க அலமாரிக் கண்ணாடியில் சொருகி வைப்போம். சில வீடுகளில் சுருட்டிய சீட்டுகள் நிறைந்த வாக்குத்தத்தப் பெட்டியும் இருக்கும், தினம் ஒன்று எடுக்க. வித்தியாசம் பெட்டிக்குள் என்ன போட்டிருக்கிறது என்பதில். நம் அட்டைகளில் ஆசீர்வாதம் மட்டும்தான் உண்டு. "உன் சகோதரன் எங்கே" என்று கேட்கும் அட்டையை யாரும் அச்சடிப்பதில்லை.

எல்லாராலும் விரும்பி எடுக்கப்படும் எரேமியா 29:11-ஐயே பாருங்கள். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." விசாவுக்குக் காத்திருக்கும் பையனுக்கும், பரீட்சை எழுதும் பெண்ணுக்கும் இந்த அட்டை கிடைத்தால் வீடே சந்தோஷப்படும். சந்தோஷப்படட்டும். ஆனால் அந்த வசனம் ஒரு கடிதத்தின் நடுவில் இருக்கிறது. எருசலேமிலிருந்து எரேமியா பாபிலோனில் சிறையிருப்பவர்களுக்கு எழுதிய கடிதம். முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி இரண்டு வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று சொல்லி ஜனங்களைக் குளிர்வித்திருந்தான். எரேமியாவின் கடிதம் பத்தாம் வசனத்தில் 70 வருஷம் என்கிறது. கேட்டுக்கொண்டிருந்த பெரியவர்களில் அநேகர் அந்த நாளைப் பார்க்கமாட்டார்கள் என்பது எழுதியவருக்கும் தெரியும், வாசித்தவர்களுக்கும் தெரியும். அதற்கு முன்னால் ஐந்தாம் வசனத்திலிருந்து என்ன சொல்கிறது? அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள். ஏழாம் வசனம் இன்னும் ஒரு படி மேலே: உங்களைச் சிறைப்பிடித்த பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக விண்ணப்பம்பண்ணுங்கள்.

மஸ்கட்டிலோ துபாயிலோ இருபது வருஷமாக "அடுத்த வருஷம் வந்துவிடுவேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு எது தியானம்? அட்டையில் இருக்கும் பதினோராம் வசனமா, ஏழாம் வசனமா? தன் முதலாளியின் ஊருக்காக, தான் குடியுரிமை பெற முடியாத ஒரு நகரத்துக்காக ஜெபிக்கச் சொல்லும் வசனம் அது. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சிறுபான்மையாக வாழ்ந்து பழகிய நமக்கும் அதுதான் கடினமானது என்று நினைக்கிறேன். அட்டையை வேண்டாம் என்று சொல்லவில்லை. அட்டை கிடைத்தால் அன்றைக்கே அந்த அதிகாரத்தை முழுதாக எடுத்து வாசிக்கவேண்டும். வாட்ஸாப்பில் விடியற்காலையில் பூப்படத்தோடு வரும் வசனத்துக்கும் இதே விதிதான். அதைச் செய்யாதவரை ஒரு வசன முறையை வேதவாசிப்புத் திட்டம் என்ற பட்டியலிலேயே நான் சேர்க்கமாட்டேன்.

தினம் ஒரு பக்கத் தியானப் புத்தகங்களுக்கு வருவோம். மேலே ஒரு வசனம், நடுவில் ஒரு சம்பவம், கீழே ஒரு சிறு ஜெபம். மாதச் சந்தாவாகவும் வருகின்றன. இவற்றில் ஒரு நல்ல மரபும் இருக்கிறது. 1867-ல் லண்டனில் சிறுவர் ஊழியமாகத் தொடங்கிய ஸ்கிரிப்சர் யூனியன் 1879-ல் பிள்ளைகள் தினம் வாசிக்கச் சிறு பகுதிகளைக் குறித்த அட்டையைக் கொண்டுவந்தது. முழுப் பகுதியையும் முதலில் வாசித்துவிட்டுத்தான் குறிப்புக்குப் போகவேண்டும் என்ற ஒழுங்கு அந்த வழியில் வந்த குறிப்புப் புத்தகங்களில் இன்னும் இருக்கிறது. மற்றவற்றில் பெரும்பாலும் வேதப்பகுதியின் எண் மட்டும் மூலையில் இருக்கும், யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. விளைவு என்னவென்றால், ஒரு வாரம் கழித்துக் கேட்டால் அமெரிக்கக் கப்பல் தலைவனின் கதை ஞாபகம் இருக்கும், வசனம் ஞாபகம் இருக்காது. நம் ஊர்ப் போதகர்களின் பிரசங்கங்களிலும் அந்தக் கப்பல் தலைவன் அடிக்கடி வந்துபோகிறான்.

தியானப் புத்தகம் வாங்குவதென்றால் கடையில் நின்றே ஒரு சோதனை செய்யலாம். பரீட்சை, கடன், வியாதி மூன்றையும் விட்டுவிட்டு வேறு எதைப் பற்றியாவது பேசுகிற பக்கம் எத்தனை இருக்கிறது என்று புரட்டிப் பாருங்கள். எழுதியவர் எரிச்சலான சங்கீதம் ஒன்றைத் தொட்டிருக்கிறாரா, ஆமோஸைத் தொட்டிருக்கிறாரா என்றும் பாருங்கள். இல்லையென்றால் கீழே வைத்துவிடலாம்.

கடைசியாக ஆலய நாட்காட்டி. எல்லைப்பக்கத்து வீடுகளுக்கு இதுதான் சரி என்பது என் கட்சி. குறைகளோடுதான் சொல்கிறேன்.

கத்தோலிக்க லத்தீன் வழிபாட்டில் 1969-ல் வந்த வாசக ஒழுங்கு இப்போதும் நடக்கிறது. ஞாயிறுக்கு மூன்று வருஷச் சுற்று, மத்தேயு ஒரு வருஷம், மாற்கு ஒரு வருஷம், லூக்கா ஒரு வருஷம். யோவான் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்திலும் ஈஸ்டரையடுத்த பாஸ்கா காலத்திலும் அதிகம் வரும். வாரநாளில் முதல் வாசகம் இரண்டு வருஷச் சுற்று, நற்செய்தி மட்டும் வருஷந்தோறும் அதேதான். சி.எஸ்.ஐ.யில் ஒவ்வொரு ஞாயிறுக்கும் ஒரு தலைப்பும் அதற்குப் பகுதிகளும் உண்டு. எங்கள் பக்கத்தில் விசேஷம் என்னவென்றால் ஒரே தெருவில் மூன்று கத்தோலிக்க வழிபாட்டு மரபுகள். நெய்யாற்றின்கரை லத்தீன் மறைமாவட்டம், தக்கலை சீரோ மலபார் மறைமாவட்டம், மார்த்தாண்டம் சீரோ மலங்கரை மறைமாவட்டம் மூன்றும் 1996-ல்தான் உண்டாயின. சீரோ மலபார் ஆண்டு மங்களவார்த்தைக் காலத்தில் தொடங்கும், ஏறக்குறைய கிறிஸ்துமஸுக்கு முந்தின லத்தீன்காரர்களின் திருவருகைக் காலத்தோடு. மலங்கரைக்காரர்களுக்கு அதற்கும் முன்பே, நவம்பர் தொடக்கத்தையொட்டி. ஆகவே ஒரே ஞாயிற்றுக்கிழமை மூன்று கோயில்களில் மூன்று நற்செய்திப் பகுதி வாசிக்கலாம். புருஷன் ஒரு மரபு, மனைவி ஒரு மரபு என்றிருக்கும் வீட்டில் எந்த நாட்காட்டி என்ற கேள்வி வரும். பிள்ளைகள் மறைக்கல்விக்கு எந்தக் கோயிலுக்குப் போகிறார்களோ அந்த நாட்காட்டி. மாமியார் கோபம் இரண்டு வாரத்தில் தணியும்.

இதற்கு ஏன் என் ஓட்டு? பகுதி சிறியது. பத்துப் பதினைந்து வசனம்தான். அதை அம்மச்சி தமிழில் ஒரு முறையும் பேத்தி மலையாளத்தில் ஒரு முறையும் வாசிக்க நேரம் இருக்கும். மலையாளத்தில் புராட்டஸ்டண்டுகாரருக்கு 1910-ஆம் வருஷத்துச் சத்தியவேதபுஸ்தகம், கத்தோலிக்கருக்கு 1981-ல் முழுதாக வந்த பி.ஓ.சி. பைபிள். தமிழில் புராட்டஸ்டண்டுகாரரின் பழைய மொழிபெயர்ப்பான பழைய திருப்புதல், அல்லது இரு சபையாரும் சேர்ந்து செய்து 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பு. இரண்டு தடவை காதில் விழும் பகுதி ஒரு தடவை விழுவதைவிட நன்றாகப் பதியும். சின்னப் பிள்ளை "இதுல வேற மாதிரி இருக்கு" என்று சொல்லும் இடத்தில்தான் பேச்சே தொடங்கும். நாலு அதிகாரத் திட்டத்தில் இதைச் செய்யவே முடியாது.

விட்டுப்போன நாளிலும் நாட்காட்டி கடன் கேட்பதில்லை. செவ்வாய்க்கிழமை விட்டுப்போனால் விட்டுப்போனதுதான், புதன்கிழமைக்குப் புதன்கிழமைப் பகுதி. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அதே பகுதியின் மேல் பிரசங்கம் கேட்கும்போது வீட்டில் பேசியது ஒத்துவரும், அல்லது முட்டும். இரண்டும் நல்லதுதான். தோட்ட வேலையோடும் இது ஒத்துப்போகும். இலை உதிர்ந்து தளிர்க்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பல தோட்டங்களில் வெட்டை நிறுத்தி மரத்துக்கு ஓய்வு கொடுப்பார்கள். லெந்து என்கிற தவக்காலமும் பெரும்பாலும் அப்போதுதான். வருஷத்தில் அந்தச் சில வாரங்களுக்காவது பால் வெட்டுகிறவருக்குக் காலை நேரம் கையில் இருக்கும். ஜூனில் பெருமழை தொடங்கி, வெட்டில் மழைத்தண்ணீர் இறங்காமல் தடுக்கும் ரெயின் கார்டு போடாத மரங்களில் வெட்டு நின்றாலும் அப்படித்தான்.

குறை என்ன? நாட்காட்டி கூச்சப்படும். 137-ஆம் சங்கீதத்தில் பாபிலோன் ஆறுகளருகே அழும் பகுதியைக் கொடுக்கும். குழந்தைகளைக் கல்லின்மேல் மோதியடிக்கிறவன் பாக்கியவான் என்ற கடைசி வசனத்துக்கு முன்பே நிறுத்திவிடும். திருப்புகழ்மாலை என்ற கத்தோலிக்க அன்றாட ஜெபப்புத்தகத்தில் 58, 83, 109 ஆகிய மூன்று சங்கீதங்களையும் முழுதாகவே விட்டுவிட்டார்கள். ஞாயிறு வாசகங்களை மட்டும் கேட்டு வளர்ந்தவருக்குப் பழைய ஏற்பாட்டில் பெரும்பகுதி புதுசாகவே இருக்கும். செலொப்பியாத்தின் பெண்மக்கள் அங்கே கதவைத் தட்டமாட்டார்கள். அதனால் வீட்டில் ஒருவராவது தனியாக, தேதி இல்லாத அந்தக் கட்டத்தாளோடு வரிசை வாசிப்பை வைத்துக்கொள்வது நல்லது. குடும்ப ஜெபத்தில் "நேற்று ஒன்று வாசித்தேன்" என்று அவர் கொண்டுவரட்டும். சங்கீதங்களுக்கு மட்டும் ஆங்கிலிக்கன் ஜெபப்புத்தகத்தில் பழைய ஒழுங்கு ஒன்று இருக்கிறது. 150 சங்கீதத்தையும் முப்பது நாளுக்குக் காலை, மாலை என்று பங்கிட்டிருப்பார்கள். ஒன்றையும் விடாமல், சாபத்தையும் சேர்த்தே சொல்லவைக்கும். 119-ஆம் சங்கீதத்தின் 176 வசனங்களே 24-ஆம் தேதி மாலையில் தொடங்கி 26-ஆம் தேதி மாலைவரை வரும். வாசிக்கத் தெரிந்த தாத்தாக்களுக்கு இதைவிட நல்லது ஒன்றும் நான் பார்க்கவில்லை.

கேட்கும் வேதத்தையும் விட்டுவிடக் கூடாது. முழு வேதத்தையும் ஒலிவடிவில் கேட்க 70 மணி நேரத்துக்கு மேல் ஆகும். பால் வெட்டும்போது சட்டைப்பையில் கைபேசி ஓடிக்கொண்டிருந்தால் ஒரு சீசனுக்குள் முடிந்துவிடும். மரத்துக்கு மரம் நடக்கும்போது ஆதியாகமம், ராஜாக்கள் போன்ற கதைப் பகுதிகள் நன்றாக ஏறும். ரோமர் நிருபம் ஏறாது. அதற்கு உட்காரவேண்டும்.

தியானம் என்று வரும்போது, எந்த அட்டவணையானாலும் முறை ஒன்றுதான். குடும்பத்துக்கு நான் சொல்வது: பகுதியை இரண்டு தடவை வாசியுங்கள், ஒரு நிமிஷம் சும்மா இருங்கள். பிறகு ஒவ்வொருவரும் ஒரு கேள்வி கேட்கட்டும், பதில் கிடைக்காவிட்டாலும் போகட்டும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் குய்கோ என்ற கார்த்தூசிய துறவி வாசிப்பு, தியானம், ஜெபம், தரிசனம் என்று நாலு படியாக எழுதிவைத்ததின் வீட்டு வடிவம்தான் இது. துறவிக்கு மணிக்கணக்கில் நேரம் இருந்தது. உங்களுக்குப் பத்து நிமிஷம் போதும். அச்சடித்த விளக்கத்தை அதற்குப் பிறகு எடுத்துப் பாருங்கள், முன்னால் வேண்டாம். முன்னால் படித்தால் வேறொருவர் கண்ணில் பட்டதைத் தவிர வேறு எதுவும் உங்கள் கண்ணில் படாது.

எப்போது தொடங்குவது என்பதற்கு ஜனவரி வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆலய நாட்காட்டியானால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாம், முந்தினது எதையும் பிடிக்கவேண்டியதில்லை. குடும்ப ஜெபம் நின்றே போய்விட்ட வீடென்றால் அட்டவணையைப் பற்றி யோசிக்கும் முன் மாற்கு சுவிசேஷத்தை எடுங்கள். 16 அதிகாரம், நாளுக்கு ஒன்று. இரண்டு வாரம் கழித்து எல்லாரும் இன்னும் உட்காருகிறார்களா என்று பார்த்துக்கொண்டு நாட்காட்டி வாங்கப் போகலாம்.